தெளிந்த படம் தந்து தோற்ற பெருந்தகைக்கு

கரிண்டா வட்டாரக் கவுன்சிலின் தொழில்நுட்ப அலுவலர், பெருமதிப்பிற்குரிய திரு. நெவில் பெங்கெல்லி அவர்கள் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், உடன் பணியாற்றிய ஊழியர்கள் உள்ளம் உவந்து படைக்கும் மடல்.

குன்றேறிக் கோபுரம் காத்த கோமானே! கட்டம் கட்டமாய்ச் சிதறிய முகங்களைக் கண்ணும் மூக்குமாய்க் கூட்டிவைத்த கைவல்லவரே! கூரைதோறும் ஏறி ஆன்டெனா திருப்பிய கொற்றவரே! தேநீர் இடைவேளைதோறும் எங்கள் பொறுமையைச் சோதித்த வாதப் புலியே! வணக்கம்.

இம்மடலை எழுத ஒருவரும் முன்வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆளாளுக்கு நழுவியபின் நூலகத்து வெண்டி ஹாலோரன் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தக் கட்டடத்தில் தங்களோடு அதிகமாகச் சண்டை போட்டவள் அவள்தான். ஆகவே தங்களை அதிகமாக அறிந்தவளும் அவளே என்று எல்லோருமாக முடிவு கட்டினார்கள். புகழ்ச்சியில் எங்கேனும் கொஞ்சம் காரம் தட்டுப்பட்டால் அது எழுதியவளின் கைப்பக்குவம் என்று கொண்டு பொறுத்தருள்க.

நாற்புறமும் மலை சூழ்ந்த நம் பள்ளத்தாக்கில் வானத்து அலை தானாக வந்து இறங்குவதில்லை. வடக்குக் குன்றின் உச்சியில் நிற்கும் கவுன்சில் கோபுரம் அதை வாங்கிக் கீழே அனுப்பினால்தான் நம் வீடுகளில் படம் தெரியும். கொட்டும் ஆலங்கட்டியிலும், குத்தும் உறைபனியிலும், கொதிக்கும் ஜனவரிக் கோடை வெயிலிலும், வண்டி போகாத பாதையில் கருவிப்பெட்டியைச் சுமந்து தாங்கள் அக்குன்றில் ஏறாத வாரமில்லை. இறங்கி வந்ததும் இறைச்சி அடைத்த பணியாரத்தை ஒரு கையிலும் தேநீரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, நாடே அத்தை என்று செல்லமாக அழைக்கும் பொதுத் தொலைக்காட்சியைத் திட்டத் தொடங்காத நாளுமில்லை.

"யாருக்குப் பாக்கணுமோ அவங்க காசு கட்டிப் பாக்கட்டும். ஊரான் பாக்கிற நாடகத்துக்கு என் வரியை எதுக்கு எடுக்கணும்?" என்பீர்கள்.

"விளம்பரக்காரன் காசுன்னா அவன் சரக்கு விக்கிற இடத்தைத்தான் காட்டுவான். நம்ம ஆட்டுச் சந்தை நிலவரத்தை எவன்பா சொல்லுவான்?" என்பாள் வெண்டி.

"சந்தைக்குப் போனா தெரிஞ்சிட்டுப் போகுது. அதுக்கு ஒரு அரசாங்கமே வேணுமா?"

இப்படியே லாமிங்டன் கேக் தட்டு காலியாகும். மறுநாள் விடிந்தால், தாங்கள் திட்டித் தீர்த்த அதே அத்தையின் கருவியைத் துடைத்துச் சரிபார்க்கத் தாங்களே மலையேறிக்கொண்டிருப்பீர்கள். கொள்கை வேறு, கடமை வேறு என்று கூட்டம் போட்டுப் பேசுவோர் பலர். பேசாமல் அப்படி நடந்தவர் தாங்கள்.

தங்கள் பணிக்காலத்தின் பெருமைகளை வரிசையாகச் சொன்னால் அரங்கிலுள்ளோர் ஆட்டைப் பட்டியில் அடைக்கத் தாமதமாகிவிடும். ஆகவே சென்ற குளிர்காலத்துச் செய்தி ஒன்றை மட்டும் விரித்துரைக்கிறோம்.

அத்தையை அனுப்பும் கருவிக்கு வயதாகிவிட்டது. புதிதாக வாங்குவதா, அந்தச் சேனலையே நிறுத்திவிடுவதா என்று கவுன்சில் முடிவெடுக்க வேண்டிய நேரம். சரியாக அந்நேரம் பார்த்து ஆற்றங்கரைத் தெருவிலிருந்து புகார்கள் குவிந்தன. மற்ற சேனலெல்லாம் பளிச்சென்று வருகிறது, அத்தை மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறாள், பேச்சு திக்குகிறது என்றார்கள். மேயர் கிரகாம் லட் அவர்கள் அலுவலகத்துக்கே வந்து, "பாக்கவே முடியாத சேனலுக்குப் புதுக் கருவி எதுக்கு? வியாழக்கிழமைக் கூட்டத்துல முடிச்சு விட்டுடலாம்" என்றார். அவ்வளவு நாளும் வெண்டி மன்றாடிக் காத்த ஒன்று, படம் தெரியாத காரணத்தாலேயே மூடப்படப் போகிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

தங்களுக்கோ கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது மாதிரி. கணக்குப் பிரிவார் தோளைத் தட்டி, "அடிச்சுதுப்பா உனக்கு யோகம்" என்றார்கள். தாங்கள் சிரிக்கவில்லை. "குன்றுல கருவி கிழடுதான், ஆனா ஒழுங்காத்தான் ஓடுது. கோளாறு கீழ எங்கயோ இருக்கு" என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைத் தெருவுக்குப் போய், கூரைகளை அண்ணாந்து பார்த்தபடியே அந்தக் கோடி வரை நடந்தீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் எதையும் யாரிடமும் கேட்பதில்லை என்பது நாம் அறிந்ததே. பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்ப்பார்கள், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ தங்களுடையதையும் அந்தப் பக்கமே திருப்புவார்கள். தெருவே பார்க்கும் கூரை, பந்தாட்டம் காட்டும் டாட் மக்கின்னனின் மதுக்கடைக் கூரை. அங்கே காக்கட்டூக் கிளிக் கூட்டமொன்று ஆன்டெனாவில் ஊஞ்சலாடி அதைத் தெற்கே திருப்பிவிட்டிருந்தது. வணிகச் சேனல்கள் கடற்கரைக் கோபுரத்திலிருந்து தெற்கு மலையிடுக்கு வழியாக இந்தத் தெருவுக்கு மட்டும் வருமாகையால் டாட் ஒன்றும் கவனிக்கவில்லை. அடுத்த வீட்டார் கவனித்தார்கள். டாட் காரணமில்லாமல் திருப்புவாளா என்று அவர்களும் திருப்ப, அவர்களைப் பார்த்து எதிர்வீட்டார் திருப்ப, கடைசியில் தெரு மொத்தமும் அத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதை அறிந்தவர் தாங்கள் ஒருவரே. வாயை மூடிக்கொண்டு வியாழன் வரை சும்மா இருந்திருந்தால் போதும், தாங்கள் அவ்வளவு காலம் கேட்டது தானாகக் கையில் விழுந்திருக்கும். ஆனால் தாங்கள் நேராக நூலகத்துக்கு வந்தீர்கள்.

"வெண்டி, ஏணி பிடிக்க ஒரு ஆள் வேணும். கிளம்பும்மா."

அந்தச் சனி ஞாயிறு முழுவதும் வீடு வீடாக ஏறினீர்கள். மதுக்கடை வாசலில் டாட் இடுப்பில் கைவைத்து வழிமறித்தாள். "இந்தா நெவ், என் கூரையில கை வெச்சு, இன்னைக்குப் பந்தாட்டம் போச்சுன்னா உனக்கு இந்த ஜென்மத்துல பீர் கிடையாது."

"வடக்க பாத்தாலும் பந்தாட்டம் வரும் தாயே. போன வருஷம் எப்படிப் பாத்தே? வழிய விடு."

மதுக்கடைக் கூரையில் தாங்கள் நிற்கையில் கீழிருந்து வெண்டி கேட்டாள்: "உனக்கென்ன பைத்தியமா? சும்மா இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பே."

"காக்கட்டூ ஜெயிச்சிருக்கும்" என்றீர்கள், திருகாணியை முடுக்கிக்கொண்டே. "மக்கள் காசுல டிவி வேண்டாம்னுதான் நான் சொன்னேன். படம் தெரியலைன்னு எப்பச் சொன்னேன்? நல்லாப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லட்டும், அப்ப ஒத்துக்கறேன். ஏணிய ஆட்டாத."

வியாழன் கூட்டத்தில் அரங்கு நிரம்பி வழிந்தது. தாங்கள் எழுந்து, கருவியில் பழுதில்லை, கோளாறு கூரைகளில்தான், அது சரிசெய்யப்பட்டது என்று அலுவலராக அறிக்கை தந்தீர்கள். பிறகு கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஊர்க்குடிமகனாகப் பேச அனுமதி கேட்டீர்கள். அதன்பின் பொதுத் தொலைக்காட்சிக்கு எதிராகத் தாங்கள் ஆற்றிய உரை இருக்கிறதே, அடடா, அனல் பறந்தது. அடுத்துப் பேசவேண்டிய வெண்டி, எங்கே தானே தங்கள் பக்கம் கை தூக்கிவிடுவோமோ என்று ஒரு கணம் நடுங்கிப் போனாள். பிறகு சுதாரித்துக்கொண்டு அவளும் ஒரு பிடி பிடித்தாள்.

வாக்கெடுப்பில் இருபுறமும் சமமாகக் கைகள் எழுந்தன. எல்லாக் கண்களும், சமனானால் முடிவு சொல்லவேண்டிய மேயர்மேல் நின்றன. அவர் தொண்டையைச் செருமினார். "ஆத்தங்கரைத் தெருவுல என் வீட்டுலயும் நெவில் வந்து திருப்பிட்டுப் போனார். திங்கக்கிழமையிலேர்ந்து படம் கண்ணாடி மாதிரி வருது. இப்ப இதை மூடினேன்னா எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது." அத்தை பிழைத்தாள். அரங்கு அதிர்ந்த கைத்தட்டலில் தாங்கள் தட்டியதும் கேட்டது. மறுவாரமே புதிய கருவி வந்தது. அதைக் குன்றின் உச்சிக்குக் கொண்டுபோய்ப் பொருத்தியவரும் தாங்களே, இறங்கும் வழியெல்லாம் அதைத் திட்டியவரும் தாங்களே.

கொண்ட கொள்கைக்காக உழைத்தோரை உலகம் கொண்டாடும். மாற்றார் கொள்கையும் மங்காமல் மக்கள் கண்ணில் தெரியவேண்டும் என்று உழைத்த தங்களைக் கரிண்டா கொண்டாடுகிறது.

வரும் வரவுசெலவுக் கூட்டத்தில் இந்தக் கேள்வி மீண்டும் எழும் என்கிறார்கள். பணி ஓய்வு பெறுமுன்பே, எதிர்த்துப் பேசுவோர் வரிசையில் முதல் ஆளாகத் தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதும் எங்கள் காதுக்கு எட்டிவிட்டது. ஓய்வு பெறுவோர் மீன் பிடிக்கப் போவார்கள் என்று கேள்வி. தங்களுக்கு அது ஒத்துவராது என்று எங்களுக்குத் தெரியாதா? தாராளமாக வாருங்கள். மலையேறத் தளராத முழங்காலும், மன்றம் அதிரப் பேச மங்காத குரலும், மனைவி மக்களோடு மகிழ்ந்திருக்கும் மாலைகளும் பெற்று, நோயற்று நூறாண்டு வாழ்க என மனமார வாழ்த்துகிறோம்.

கடைசி வரிகள் எழுதியவளுக்குச் சொந்தம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்குத் 'தாங்கள்', 'தங்கள்' என்னும் மரியாதைப் பேச்சு சரிப்படாது.

நெவில், நான் பேசறதுக்கு முன்னாடியே என் வாயை அடைச்சு ஜெயிச்சிருக்கலாம் நீ. என்னைப் பேசவிட்டுத் தோத்தே. அன்னைக்கு என் பக்கம் நின்னவங்க நிறைய பேர் இருந்தாங்க. ஆனா ஊரு நான் சொல்றதைக் கேக்கணும்னு ரெண்டு நாள் கூரை கூரையா ஏறினது நீ ஒருத்தன்தான். கூட்டத்துக்குக் கட்டாயம் வா. நீ எதிர்ல நிக்கலைன்னா எனக்குப் பேச வராது.

என்றும் தங்களோடு முரண்பட விழையும்,
கரிண்டா வட்டாரக் கவுன்சில் ஊழியர்கள்