மாப்பிள்ளையைப் பின்வாசல் வழியே தூக்கிச் சென்றது தொடர்பாக

என் வயது முப்பத்தாறு. தனியார் விலங்கு மருத்துவமனை ஒன்றில் மருத்துவராக இருக்கிறேன். மருத்துவமனைக்குப் பின்தெருவில், மாடி வீட்டில், கணவருடனும் மாமியாருடனும் குடியிருக்கிறேன். நாயைத் திருடியதாக முதலாளி என்மீது கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது குறித்து நான் சொல்வதாவது:

கடந்த வெள்ளிக்கிழமை காலை, கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தன் வயதான நாயைக் கால்வலிக்குக் காட்டி, மாலை வந்து அழைத்துப் போவதாக விட்டுச் சென்றார். அதை அவர் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவார். அதன்பிறகு மதியம் விமான நிலையத்திலிருந்து மருத்துவமனைக் கைபேசிக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினார். தங்கை இறந்துவிட்டதால் அவசரமாகப் போவதாகவும், 'ப்ளீஸ் புட் ஹிம் டவுன் அன்டில் மண்டே' என்றும் அதில் இருந்தது. 'புட் டவுன்' என்றால் எங்கள் தொழிலில் ஊசி போட்டு உயிரை முடித்துவிடுவது. தங்க வைத்துக்கொள்வதற்கு 'புட் அப்' என்று எழுதியிருக்க வேண்டும்.

அதன்பிறகு, தானும் மருத்துவரான முதலாளி, மருந்தை மேசையில் வைத்து என்னைப் போடச் சொன்னார். "சார், திங்கட்கிழமை வரைக்கும்னு போட்டிருக்காரு. திங்கட்கிழமை வரைக்கும் மட்டும் யாராவது செத்துக் கெடப்பாங்களா?" என்று கேட்டேன். "வலியில கெடக்கற நாய்மா. எழுத்துலயே குடுத்துட்டாரு. கூண்டும் காலியாகணும்" என்றார். சமையல்காரரின் கைபேசி அணைந்திருந்தது. நான் மறுத்தேன். "அப்ப நானே போட்டுக்கறேன்" என்று அவர் கையுறை எடுக்கத் திரும்பியபோது, மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினேன். நல்ல கனம். படியில் இறங்கும்போது அது என் காதை நக்கியது.

அதன்பிறகு, நாயென்றாலே காத தூரம் ஓடும் என் மாமியார், விஷயத்தைக் கேட்டதும் தன் கட்டிலருகே போர்வையை விரித்து, "எவன் வந்து கேக்கறான்னு பாத்துடறேன்" என்று கதவைத் தாழிட்டார். மாலையில் காவலர்கள் வந்தனர். நான் எதையும் மறைக்கவில்லை. உரிமையாளர் வரும்வரை நாய் என்னிடமே இருக்கட்டும் என்றார்கள்.

அதன்பிறகு இன்று திங்கட்கிழமை, சமையல்காரர் பெட்டியும் கையுமாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தார். தான் எழுதியதன் பொருளை உதவி ஆய்வாளர் விளக்கியதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இந்த இங்கிலீஷ வச்சுத்தாம்மா உலகம் பூரா சுத்துனேன்" என்றார். "ஒரு வார்த்தைதாங்க தடம் மாறிடுச்சு. மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீங்க" என்றேன். அவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு முதலாளி, நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரை விட்டுவிடுவதாகச் சொன்னார். எழுத மறுத்துவிட்டேன்.

நாயைக் கேட்காமல் எடுத்துச் சென்றது நான்தான். இனி ஒருமுறை நேர்ந்தாலும் எடுத்துச் செல்வேன். இந்த வரி வேண்டாமே என்று வாக்குமூலம் எழுதும் காவலர் சொன்னார், இருக்கட்டும் என்றேன். முழுவதையும் படிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
விலங்கு மருத்துவர்