ஆறாவது சீட்டு

கடலைமிட்டாய் டப்பா சீட்டுக் குலுக்க நல்ல டப்பா. வாய் அகலம், கை தாராளமாக உள்ளே போகும். சனிக்கிழமை சாயங்காலம் அதைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வேறு எதையும் நினைக்காமலிருக்க அது உதவும்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எங்கள் தீப்பெட்டி ஆபீசில் நாங்கள் ஆறு பெண்கள். குச்சிக்கு மருந்து கலக்கும் அறை தனியாக, வேலியோரம் இருக்கிறது. உள்ளே ஒருத்தர் மட்டும்தான் போகலாம். பொறி பட்டால் ஒரு உயிரோடு போகட்டும் என்ற ஏற்பாடு. யாரும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. அங்கே இருந்த விஜயராஜ் அண்ணாச்சி தையில் வேலையை விட்டு நின்றுகொண்டார். அதற்குப் பிறகு வாரம் ஒருத்தி என்று முறை வைத்து, சீட்டுப் போட்டோம். வந்த சீட்டைக் கிழித்துவிடுவோம். ஆறு வாரத்தில் ஆறு பேரும் போய் வந்துவிடலாம். எழுதுவது நான். கணக்கில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

ஆறு பேரை வரிசையில் நிறுத்த எழுநூற்று இருபது வழிகள் உண்டு. எந்த வழியில் நிறுத்தினாலும் கடைசியில் ஒருத்தி நின்றாக வேண்டும். அது நானாக அமைந்தது. ஐந்தாவது வாரம் முத்துசெல்வி போய் வந்தாள். டப்பாவில் மிச்சம் ஒரே சீட்டு.

"ஒத்தச் சீட்டப் போட்டு எடுக்கதுக்குப் பேரு குலுக்கலா? ஆறையும் திரும்ப எழுதிப் போடுவோம். இனிமே வாராவாரம் அப்படித்தான். எல்லாருக்கும் ஆறுல ஒண்ணு, அதான் சமம்" என்றேன்.

அந்த ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் அதில் பிழையில்லை. ஐந்து பேர் ஏற்கெனவே போய் வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிழை. எனக்கு நிச்சயமாக இருந்தது ஆறில் ஒன்றாகக் குறைந்தது. அவர்களுக்கு இல்லாமலிருந்தது ஆறில் ஒன்றாக ஏறியது.

"ஏட்டி பேச்சி, நீ மட்டும் இன்னும் உள்ள போவலையே" என்று சிரித்தாள் வெயிலுகந்தம்மாள் சித்தி. எங்களில் மூத்தவள்.

"என் சீட்டும் உள்ளதான கெடக்கப்போவுது, சித்தி."

"அக்கா படிச்சவிய. அவிய சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் முத்துசெல்வி.

சித்திதான் கையை விட்டு எடுத்தாள். முத்துசெல்வி.

"அந்த மருந்துக்கு எம்மேல ஆச போல. இன்னைக்குத்தான் வெளிய வந்தேன், அதுக்குள்ள கூப்பிடுதே" என்று சொல்லி அவளே முதலில் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

புதன்கிழமை பதினொரு மணிக்குச் சத்தம் கேட்டது. தரை ஒருமுறை அதிர்ந்தது. நான் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியது கலைந்துவிடாமல் சட்டத்தை மெதுவாக இறக்கிவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஆறில் ஒன்று என்றேன். எழுதிக்கொண்டார். முத்துசெல்வியின் தங்கை இசக்கிச்செல்வியிடமும் அதையே சொன்னேன். யாருக்கும் வந்திருக்கலாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

ஐந்தில் ஒன்று. டப்பாவில் ஐந்து சீட்டுகள்தான் கிடந்தன. என் பெயர் எழுதிய ஆறாவதையும் எல்லோரும் பார்க்கத்தான் எழுதினேன், மடித்தேன். அது என் முந்தானை முடிச்சில் இருந்தது. ஆறில் ஒன்றுகூட எனக்கு அதிகமாகப் பட்டது. முத்துசெல்வி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. யார் பெயர் வந்தாலும் சரி என்றுதான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

மூன்று மாதத்தில் அறையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். அக்காள் இடத்தில் இசக்கிச்செல்வி வேலைக்குச் சேர்ந்தாள். நேற்று சனிக்கிழமை. சித்தி டப்பாவைக் கழுவித் துடைத்து, தாளும் பேனாவும் என் முன்னால் வைத்தாள்.

"எழுதுட்டி. ஒங்கைக்கு ஓரவஞ்சன தெரியாது."

"நான் எழுதல, சித்தி."

"ஏம்ட்டி?"

"வேற யாராச்சும் எழுதட்டும்."

யாரும் வற்புறுத்தவில்லை. என் மனசு தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். இசக்கிச்செல்வி பேனாவை எடுத்தாள். இந்த முறையாவது நேர்மையாக இருந்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. எழுத மாட்டேன் என்று சொன்ன வாய், இது என் வாரம், நானே உள்ளே போகிறேன் என்று சொல்லவில்லை.