பிய்ந்து போகவென்றே கட்டிய வராந்தா

மேடையிலிருக்கும் பாதிரியார் அவர்களே, கவுன்சில் தலைவர் கஸ்தோன் அவர்களே, ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கும் வேலையைப் பாதியில் விட்டு லியோனியின் இறுதிச் சடங்குக்கு வந்திருக்கும் ஆன்ஸ் வெர்ட் மலைச்சரிவு மக்களே, வணக்கம்.

கட்டடக் கலைஞர் லியோனி வால்மண்ட் இந்தச் சரிவில் கட்டிய முதல் வீடு என்னுடையது, இந்த ஃபிலோ பாட்டியுடையது. கரீபியன் கடற்காற்று குறுக்கே புகுந்து போகும்படி வீட்டைத் திருப்பி வைத்தவர் யார்? மலைத்தண்ணீர் அடியில் ஓட, தூண்கள்மேல் அதை நிறுத்தியவர் யார்? நம் லியோனி.

வராந்தாக் கூரையை மட்டும் வீட்டுக் கூரையோடு சேர்க்காமல், மெல்லிய தகட்டில் தொற்றவைத்தார்.

"என்னடி இது, தும்மினா பறந்துடும் போலிருக்கே?" என்று கேட்டேன்.

"பறக்கத்தான் மா ஃபிலோ. புயலுக்கு எதையாவது கொடுத்தாகணும். வராந்தாவக் கொடுத்துடுங்க, வீட்டுக் கூரை தப்பிச்சிடும்."

பக்கத்து வீட்டு கஸ்தோன் விடுவாரா? "உங்க வராந்தால தொப்பியப் பிடிச்சிக்கிட்டுதான் உட்காரணும்" என்றார். எனக்கு ரோஷம். இரண்டு கூரைகளையும் எட்டு போல்ட் போட்டு முறுக்கவைத்தேன். தலைவர் அவர்களே, நீங்களும் உங்கள் வீட்டில் அதையேதான் செய்தீர்கள்.

போன வருடம் புயலன்று காலை லியோனி மழையில் ஏறி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"யாரு வேலை மா இது?"

"காத்து முறுக்கியிருக்கும்."

"காத்துக்கு ஸ்பேனர் யாரு கொடுத்தா?"

எட்டையும் இரும்பறுக்கும் ஹேக்சாவால் அறுத்தார். அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் பாதையில் மரம் விழுந்துவிட்டது. மாலையில் என் வராந்தா கடலுக்குப் போனது; கூரை அசையவில்லை. கஸ்தோன் வீட்டில் வராந்தா கூரையையும் இழுத்துக்கொண்டு போனது.

சென்ற வாரம் அதே சோதனைக்கு வீடு வீடாக ஏறியபோதுதான் லியோனியின் இதயம் நின்றது. அதற்குச் சற்று முன், என் வாசலில் நின்று கேட்டார்: "மா, புது வராந்தால கை வைக்கலையே?"

"இல்லடி" என்றேன். நம்பிப் போனார்.

பொய். இந்த ஈஸ்டருக்குப் பேத்தியின் கல்யாணம் நடந்தது. வராந்தாவில் நாற்பது பேர் ஆடினால் கூரை அதிருமே என்று மறுபடி எட்டு போல்ட் முறுக்கியிருந்தேன்.

வியாழக்கிழமை புயல் என்று வானொலி சொல்கிறது. இன்று செவ்வாய். அன்று பிள்ளைகளோடு நாம் ஒதுங்கப்போவது எங்கே? என் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் பள்ளிக்கூடத்தில். என் கூரை கிளம்பினால் எங்கே விழும்?

ஆகவே நான் மலர்வளையம் கொண்டுவரவில்லை. இது லியோனியின் ஹேக்சா. அவர் தங்கையிடம் கேட்டு வாங்கினேன். அவர் விட்ட இடத்திலிருந்து இப்போதே தொடங்குகிறேன். என் வீட்டில் எட்டு. உங்கள் வீட்டில் எத்தனை என்பதை என்னோடு சரிவில் ஏறும்போது சொல்லுங்கள்.