சின்னத் திருகு

— அந்தக் கொட்டைப்பாக்கு சைசு லேடீஸ் வாட்ச்சை எடுங்க, அமீர் பாய். நீங்க சாவி குடுத்துப்போடாதீங்க. நானே குடுக்கோணும்.

— உங்க கைக்கு இது ஆகுமா, அழகிரி மேஸ்திரி? திருகு கடுகாட்டம் இருக்குதே.

— குடுங்க, சொல்றேன். ம்... பாருங்க. திரும்புதுங்களா? கர்ர் கர்ர்னு கேக்குதுங்களா?

— மாஷா அல்லா! வலது கையிலயே!

— வலது கையிலதானுங்க. இரும்பு உருக்கி வாக்கற பவுண்டரியில அச்சுப்பெட்டி இது மேல உழுந்து ரெண்டு வருசமாச்சு. அன்னைக்கு இந்த வெரலெல்லாம் வெறகுக் கட்டைங்க. ஆஸ்பத்திரியில ரப்பர் பந்து ஒண்ணைக் குடுத்து அமுக்கீட்டே இருன்னாங்க. மூணாம் நாளே கெணத்துல எறிஞ்சுபோட்டேன்.

— அடப்பாவமே, ஏன்?

— வெக்கமுங்க. நாப்பத்தஞ்சு வயசு ஆளு, ஊட்டுக்குள்ள பந்து வெச்சுட்டு உக்கோந்திருக்கறதா? சோறு என்ற சம்சாரம் லட்சுமி ஊட்டி உடோணும். ஊட்ட வந்தா அவ மேலயே எரிஞ்சு உழுவேன். இனி வாட்ச் கட்டி என்னத்த ஆகப்போகுதுன்னு, கட்டியிருந்ததை வித்துப்போடலாம்னு இங்க வந்தேன்.

— நான்தான் வாங்க மாட்டேன்னு சொல்லீட்டேனே.

— வாங்காதது மட்டுமா? பெரிய திருகு வெச்ச பழைய வாட்ச் ஒண்ணை என்ற கையில திணிச்சீங்க. "ஊரே பேட்டரி வாட்ச்சுக்கு மாறிப்போச்சு, சாவி வாட்ச்சைச் சீந்த ஆளில்ல, இப்பச் சேத்துனாத்தான் உண்டு"ன்னீங்க.

— பாருங்க, நெசத்தைத்தானே சொன்னேன்.

— நெசந்தானுங்க. மாசத்துக்கு ஒரு சினிமா, டீக்கடையில ரெண்டு வடை, அதை உட்டா நீங்க எடுத்துக் குடுக்கற வாட்ச் ஒண்ணு. கட்டற தோல்வாரு மட்டும் உக்கடத்துச் சந்தையில பழைய சாமான் விக்கறவன்கிட்ட. இப்படியே பதினாறு சேந்துபோச்சு! கறுப்பு மொகம் ஒண்ணு, ராத்திரியில முள்ளு பச்சையா மின்னறது ஒண்ணு. இன்னொண்ணு பொழுது எறங்கறதுக்குள்ள நாலு நிமிசம் பிந்திப்போகும். அதைத் திட்டவே மனசு வராதுங்க.

— ஹஹ்ஹா! புள்ளையாட்டம் பேசறீங்களே.

— காலைல எந்திரிச்சா மொத வேலை, பதினாறுக்கும் சாவி. மொதல்ல இடது கையிலதான் திருகுனேன். அப்பறம் ஒரு நாள், நெனப்பில்லாம வலது கை போயிருச்சுங்க. வலி உசுரு போச்சு. ஆனா முள்ளு நகுந்துச்சு. அன்னைக்கு நான் அழுதேன் பாய். இப்பப் பாருங்க, சட்டைப் பட்டன் நானே போட்டுக்கறேன். திங்கக்கெழமையிலிருந்து மறுபடியும் பவுண்டரியில வேலை.

— அல்லாவே! இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா? டேபிளைத் தட்டி டீ சொல்லியிருப்பேனே!

— டீ கெடக்கட்டுமுங்க. இந்தக் குட்டி வாட்ச் லட்சுமிக்கு. அவளுக்குத் தெரியாம வாங்கறேன். ரெண்டு வருசமா என்ற கிறுக்கையெல்லாம் பொறுத்துக்கிட்டா. புதுசா ஒண்ணு கொண்டுபோனா, "இன்னொண்ணுங்களா?"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிருவா. அவ்வளவுதான்.

— நல்ல காரியம், மேஸ்திரி. மனசாரக் குடுக்கறேன்.

— உங்களுக்கும் ஒண்ணு சொல்லோணுமுங்க. பதினாறையும் வரிசையா வெச்சுப் பாத்தப்பத்தான் எனக்கே புரிஞ்சுது. மாசாமாசம் திருகு கொஞ்சம் சின்னதாகுது, கொஞ்சம் இறுக்கமாகுது. டாக்டருக்குத் தோணாதது உங்களுக்குத் தோணியிருக்குது பாய். கையெடுத்துக் கும்புடறேன். இந்தக் கை நீங்க குடுத்ததுங்க.

— கையை எறக்குங்க, மேஸ்திரி. அது எனக்குத் தோணுனதில்ல.

— அப்பறம் ஆருக்குங்க?

— சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்குது. உங்க கைதான் நல்லாயிருச்சே, இனிச் சொன்னா அல்லா கோவிக்க மாட்டான்.

— ஆருங்க பாய்?

— நீங்க வாட்ச்சை விக்க வந்த அன்னைக்கு, உங்களுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஒரு பொம்பளை மூச்சு வாங்க ஓடியாந்து, "என்ற ஊட்டுக்காரர் வருவாருங்கண்ணா, வாங்கிப்போடாதீங்க, பெரிய திருகா ஒண்ணு கையில குடுத்தனுப்புங்க"ன்னு நின்னுச்சு. அதுக்கப்பறம் ஒரு மாசங்கூடத் தவறாம வந்து, தட்டுல இருக்கற ஒவ்வொரு வாட்ச்சையும் கண்ணை மூடி ரெண்டு வெரல்ல திருகிப் பாத்து, உங்களுக்கு அடுத்தது எதுன்னு எடுத்து வெச்சுட்டுப் போனது லட்சுமி தங்கச்சிதான்.