பேட்டரிக்கு இரண்டு சொட்டு

காவலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் துவரம்பருப்புப் பையை வைத்திருந்தவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே என் தூக்கம் போய்விட்டது.

“எம்பொண்ணுக்கு பேட்டரிக்கு மருந்து வுடுற வேலக்கா.”

“பேட்டரிக்கு இன்னா நோவு?”

“சூடாயி பத்திக்குதுல்ல. உள்ள இருக்கிற தண்ணில ரெண்டு சொட்டு கலந்துட்டா, தகட்டு மேல மெல்லிசா ஆடை மாதிரி படிஞ்சிக்குமாம். அப்புறம் ஒண்ணும் ஆவாதாம். ரொம்ப நாளும் உழைக்குமாம்.”

பக்கத்திலிருந்தவர் பருப்புப் பையைத் தொட்டுப் பார்த்தார். “வண்டு வராம இதுக்கு வெளக்கெண்ணெ தடவி வெக்கிறோமே, அந்த மாதிரியா?”

“அதேதான். நானும் அதத்தான் சொன்னேன். கரெக்டா புடிச்சிட்டம்மான்னு சொல்லி, அந்த பேட்டரி போட்ட ஸ்கூட்டரே ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா.”

“அப்புறம் ஏன் பஸ்ல வர்ற?”

“வண்டி வூட்டுக்கு வெளிய, தூரமா, புளியமரத்தடியில நிக்குது.”

“மருந்து வுட்ட வண்டிதானே?”

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. அவர் பருப்பை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“வுட்டதுதான். எண்ணெ தடவின பருப்புலயும் நாலு வண்டு வந்துடுதேக்கா.”