ஓடைத் தடத்தில் பெரிய வண்டி

ஜெயசுதா: ...இவ்ளோ பெரிய வண்டிய வெச்சிக்கினு ஓடைத் தடத்துல எறங்க மாட்டேன்றீங்களே.

தமிழரசன்: மாட்டேன்னு சொல்லலம்மா. வண்டி வெயிட்டு. பின்னாடி ஆளு வேற உக்காந்தா...

ஜெயசுதா: நான் நாப்பத்தஞ்சி கிலோதான். வண்டி எவ்ளோ?

தமிழரசன்: அது... இருக்கும், இருநூறுக்குப் பக்கமா.

ஜெயசுதா: இருக்குமா? வாங்கினவருக்குத் தெரியாதா?

தமிழரசன்: வண்டிய எவன் தராசுல வெச்சிப் பார்க்கறான்?

ராணியம்மாள்: தம்பி, டீ ஆறுது பாருங்க. எம் பொண்ணு அப்டித்தான். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் பரீட்ச வெப்பா.

ஜெயசுதா: அம்மா, நீ போண்டாவப் பாரு. அண்ணா, நேராவே சொல்றேன். கீழ ஊர்க்காரங்க இடஒதுக்கீடு கேட்டு கச்சிராயபாளையம் ரோட்ட மறிச்சிட்டாங்க. காலைல இருந்து மலை மேல கரியாலூருக்கு ஒரு பஸ்ஸு ஏறல. மதியத்துக்குள்ள கள்ளக்குறிச்சி போய் ஆகணும். சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்ட்டிருக்காங்க. எங்க வூட்டுக்கு வர்ற மொத அரசாங்க வேல. இன்னிக்கிப் போகலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.

தமிழரசன்: போன் பண்ணி நாளைக்கு வர்றேன்னு சொல்லக் கூடாதா?

ஜெயசுதா: யாருக்குப் பண்ணச் சொல்றீங்க? கலெக்டரு எங்க மாமாவா?

தமிழரசன்: கோவப்படாதம்மா... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஜெயசுதா: ஓடைத் தடம் ஒண்ணுதான் வழி. ஞாயித்துக்கெழம வர்ற ரைடருங்க எல்லாம் அதுலதான் எறங்கறாங்க. நீங்களும் ரைடருதானே?

தமிழரசன்: ஆமா. பின்ன இன்னா, ஜாக்கெட்டு, பூட்ஸு எல்லாம் போட்டுக்கினு போண்டா துன்ன வந்தனா?

ராணியம்மாள்: போண்டா நல்லாருக்கும் தம்பி. இன்னும் ரெண்டு வெக்கட்டா?

தமிழரசன்: வைங்க. அந்தத் தடம் இப்ப சரியில்ல. போக முடியாது.

ஜெயசுதா: சரியில்லன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க? எறங்கிப் பார்த்தீங்களா?

தமிழரசன்: பார்க்கல. கேள்விப்பட்டேன்.

ஜெயசுதா: இங்க உக்காந்துக்கினா? எங்கிட்டயும் எங்கம்மாகிட்டயும் தவிர நீங்க யாருகிட்டயும் பேசலியே.

தமிழரசன்: ...வர்ற வழியில ஒருத்தர் சொன்னாரு.

ஜெயசுதா: எந்த வழியில வந்தீங்க? ரோட்டத்தான் மறிச்சிட்டாங்களே.

தமிழரசன்: மறிக்கறதுக்கு முன்னாடியே ஏறிட்டேன். இன்னாம்மா, போலீஸு மாதிரி கேக்கற?

ஜெயசுதா: போலீஸுன்னா டீ குடுத்துட்டா கேப்பாங்க? சரி, வேற ஒண்ணு கேக்கறேன். ரைடருங்க வந்தா நான் கேக்கற கேள்விதான். தடத்துக்குப் பெரிய வண்டி நல்லதா, சின்ன வண்டி நல்லதா?

தமிழரசன்: பெரிசுதான். பவர் இருக்கும்ல.

ஜெயசுதா: எல்லாரும் அப்டிச் சொல்றதில்ல. பெங்களூர்ல இருந்து ஒரு ஆளு வருவாரு. பெரிய வண்டி ஹைவேல யானை, சேத்துல எருமன்னுவாரு. போன மாசம் அவரோட வண்டியே ஓடையில படுத்துக்கிச்சி. நாலு பேரு போய்த் தூக்கினோம்.

தமிழரசன்: அது ஓட்டத் தெரியாத ஆளா இருப்பான்.

ஜெயசுதா: சேலத்துலருந்து வர்ற அக்கா வேற மாதிரி சொல்லும். பெரிய வண்டி ஒசரமா இருக்கறதால அடியில கல்லு தட்டாது, மேட்டுல மூச்சு வாங்காது, ஓட்டற கையிலதான் இருக்குதுன்னு. அந்த அக்காவுக்குக் கால் தரைல எட்டாது. ஆனா தடம் முழுக்க எந்திரிச்சி நின்னுக்கினே ஓட்டும். நீங்க நின்னு ஓட்டுவீங்களா, உக்காந்தா?

தமிழரசன்: உக்காந்துதான். நின்னா வுழுந்துட மாட்டோம்?

ஜெயசுதா: ஓ... டயர்ல காத்து?

தமிழரசன்: நல்லா டைட்டா அடிச்சிடுவேன். கல்லு முள்ளு குத்தாதுல்ல.

ஜெயசுதா: அவங்க எல்லாரும் தடத்துல எறங்கறதுக்கு முன்னாடி காத்தக் கொறைப்பாங்களே. சேத்துல பிடிமானம் வேணும்னு.

தமிழரசன்: ஒவ்வொருத்தருக்கு ஒரு பழக்கம்.

ஜெயசுதா: பின் பிரேக்குல ஏபிஎஸ்ஸ ஆப் பண்றது? இல்லன்னா எறக்கத்துல பிரேக்கு புடிச்சாலும் வண்டி நிக்காதும்பாங்க. உங்க வண்டியில அந்தச் சுவிச்சி எங்க இருக்குது?

தமிழரசன்: ...இங்கதான், ஹேண்டில்ல.

ஜெயசுதா: அது ஹாரனு.

ராணியம்மாள்: பாப்பா, வுடு. தம்பிக்கு வேர்க்குது.

தமிழரசன்: சிரிக்காதீங்கம்மா. புது வண்டி. இன்னும் பழகல.

ஜெயசுதா: ஓடையத் தாண்டிட்டு வர்ற வண்டியில முட்டி ஒசரத்துக்குச் செம்மண்ணு ஏறியிருக்கும். இதுல பாதி சக்கரம் வரைக்கும்தான். அப்ப நீங்க ஓடைக்கரை வரைக்கும் மட்டும் போய்த் திரும்பி இருக்கீங்க. பார்க்கலன்னு பொய் சொல்றீங்க. மாஸ்க்கும் கழட்டல. டீய மாஸ்க்கத் தூக்கித் தூக்கிக் குடிக்கறீங்க.

தமிழரசன்: கொரோனா காலம்மா. மாஸ்க்கு போட்டாலும் தப்பா?

ஜெயசுதா: நீங்க வந்ததுலருந்து அந்தத் தடம் ஆரம்பிக்கற முக்கையே பார்த்துக்கினு உக்காந்திருக்கீங்க. எங்க ஜனங்க யாராவது எறங்கறாங்களான்னா? கீழ மறிக்கறவங்களோட ஆளுதானே?

தமிழரசன்: சத்தம் போடாதம்மா. யார்னா வந்துடப் போறாங்க.

ஜெயசுதா: வரட்டும். யாரு நீங்க?

தமிழரசன்: தமிழரசன். சங்கராபுரம். பெரிய ஆளெல்லாம் இல்ல. ஒரு வண்டி கூட எறங்கக் கூடாதுன்னு கீழ முடிவு பண்ணாங்க. இந்தத் தடம் எங்களுக்கு எங்கருந்து தெரியும்? ரைடருங்க யூடியூப்ல போட்ட வீடியோவப் பார்த்துதான். நாலு பேரு வந்து ஓடைத் திருப்பத்துல ஒரு மரத்தச் சாய்ச்சோம். மத்தவங்க எறங்கிட்டாங்க. இந்த வண்டியோட இங்க உக்காந்தா எவனும் சந்தேகப்பட மாட்டான், காவலுக்கு இருன்னு என்ன மட்டும் வுட்டுட்டுப் போனாங்க.

ஜெயசுதா: வண்டி?

தமிழரசன்: சர்வீசுக்கு வந்தது. ஒர்க் ஷாப்புல வேல பார்க்கறேன். ஓனரு வெளியூரு.

ராணியம்மாள்: அடப் பாவி. அடுத்தவன் வண்டியா?

தமிழரசன்: ஆமாம்மா. இன்ஜினியரிங் முடிச்சிட்டு அடுத்தவன் வண்டியக் கழுவறேன். எங்கப்பா கரும்பு வெட்டியே முதுகு போன ஆளு. அவரு சின்ன வயசுல அவரோட ஆளுங்களும் இதே பங்கு கேட்டு ரோட்டுல மரம் சாய்ச்சாங்க. எங்களுக்குன்னு தனியா ஒரு பங்கு கேட்டா தப்பா? உங்களுக்குத்தான் எஸ்டியில தனியா எடம் இருக்குதே.

ஜெயசுதா: நீங்க கேளுங்க. வேணாம்னு யாரு சொன்னா? எங்களுக்கு எடம் இருக்குதுன்றீங்க. அந்த எடத்துக்குப் போய்ச் சேர்ற வழியில ஏன் மரத்தப் போடறீங்க? எங்க ஊர்ல இருந்து காலேஜுக்குப் போன மொத ஆளு நான். மூணு வருசமும் பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கினே போய்ப் படிச்சேன். படிச்சிட்டு இன்னா? உங்களுக்கு டீ ஆத்தறேன். கலெக்டர் ஆபீசு முன்னாடி போய்ப் போட வேண்டியதுதானே மரத்த? அங்க தைரியம் இல்ல, மலைக்காரங்க நடக்கற தடத்துல போடறீங்க.

தமிழரசன்: எம் மேல மட்டும் பாயாத. நான் முடிவு பண்ணல.

ஜெயசுதா: ரம்பம் யாரு கையில இருந்துச்சி?

தமிழரசன்: ...எங் கையிலயும்தான்.

ராணியம்மாள்: போதும் பாப்பா. தம்பி, நீ துன்னு. வயித்துல ஒண்ணும் இல்லாத மொகமா இருக்குது.

தமிழரசன்: அப்பறம் துன்றேன். சரி... ஏறும்மா நீ. நானே கூப்ட்டுக்கினு போறேன்.

ஜெயசுதா: எங்க?

தமிழரசன்: ஓடைத் திருப்பம் வரைக்கும். மரத்தாண்ட இப்ப ஒருத்தனும் இல்ல. இந்த வண்டி மரத்தத் தாண்டாது, ஆனா நீ ஏறிக் குதிச்சிடலாம். அந்தப் பக்கம் எவனாவது டிராக்டர்ல போவான். ஏன் வுட்டேன்னு கேட்டா, தூங்கிட்டேன்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லிக்கறேன்.

ஜெயசுதா: நெஜமாவா சொல்றீங்க?

தமிழரசன்: ஒரு வேல போறதுன்னா இன்னான்னு எனக்கும் தெரியும்மா. பைய எடு. மதியம் ஆயிடும். ஏன் அப்டியே நிக்கற... இன்னும் நம்பலியா?

ஜெயசுதா: உக்காருங்க. வேல எனக்கு வரல, என் தங்கச்சி கமலாவுக்கு வந்திருக்குது. நீங்க மரம் சாய்ச்சத, மாடு ஓட்டிக்கினு போன பூமாலை பெரியம்மா பார்த்துட்டு விடியும்போதே வந்து சொல்லிட்டாங்க. ஒருத்தன் மட்டும் பெரிய வண்டியில மேல ஏறறான்னும் சொன்னாங்க. நீங்க மொத டீய வாங்கினப்பவே எங்க பழனி மாமா அவரோட பழைய வண்டிய இன்ஜின் போடாம கொல்லைப் பக்கமா, முக்குக்கு அப்பால தடத்துக்குத் தள்ளிக்கினு போயிட்டாரு, கமலாவும் கூடவே போயிட்டா. அது பாதி எடைதான், ரெண்டு பேருமாத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வெச்சிருப்பாங்க. இந்நேரம் சங்கராபுரத்தத் தாண்டியிருப்பாங்க. நீங்க எழுந்துக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ நேரம் வண்டியப் பத்திப் பேசிக்கினு இருந்தேன். இப்ப எழுந்துக்கலாம்.