ஒரே பெயருக்கு இரண்டு எண்கள்

என் பெயரும் வீட்டு முகவரியும் இணைப்புத் தாளில் உள்ளபடி. வயது நாற்பத்து மூன்று. மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பொறுப்பாளராக உள்ளேன். காவல்துறையினர் விசாரித்ததன் பேரில் சொல்வதாவது:

கடந்த திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அறுவை மருத்துவர் போனில் அழைத்து, அறுவை மேஜையில் ஒரு பெண் தயாராக இருப்பதாகவும், அவருடைய ரத்த அறிக்கையைப் பார்க்க மருத்துவமனையின் அறிக்கை இணையதளத்தைத் திறந்தால் மறுபடி மறுபடி பாஸ்வேர்டு கேட்பதாகவும் சத்தம் போட்டார். வரவேற்பிலும் அதே நிலை. என் கூடத்துக் கணினியில் மட்டும் தளம் ஒழுங்காகத் திறந்தது. அதன் பிறகு கணினிப் பராமரிப்பு பார்க்கும் அம்மாவை அழைத்தேன். அவரை எல்லோரும் ஒயரம்மா என்போம்.

அவர் வந்ததும் கணினியைத் தொடவில்லை. "மொதல்ல ரிப்போர்ட்ட இங்கயே பிரிண்ட் எடுத்துக் கையில கொண்டு போங்க. மிஷின் எங்கயும் ஓடிடாது" என்றார். நான் இரண்டு மாடி இறங்கி ஓடிக் கொடுத்துவிட்டு வந்தேன். அறுவை நல்லபடியாக முடிந்தது.

அதற்குள் அவர் வரவேற்பின் விண்டோஸ், மருத்துவரின் மேக், என் லினக்ஸ் ஆகிய மூன்று கணினிகளிலும் அறிக்கைத் தளத்தின் பெயருக்கு எண் என்ன என்று அதனதன் கட்டளையில் கேட்டு, விடைகளை ஒரு பழைய படிவத்தின் முதுகில் எழுதியிருந்தார். தளத்தின் பெயரை அடித்தால், கணினி அதற்குரிய எண்ணை வேறோர் இடத்தில் கேட்டறிந்துதான் அங்கே போகுமாம். என் கணினியில் சரியான எண். மற்ற இரண்டிலும் அவர் அறியாத வேறோர் எண். அவற்றில் சேமித்திருந்த பழைய விடைகளைத் தனித்தனியே அழித்துவிட்டுக் கேட்டபோதும் அதே எண் வந்தது. சரியான எண்ணை நேராக அடித்தால் உண்மையான தளம் எல்லாவற்றிலும் திறந்தது; அந்த வேறோர் எண்ணில் இருந்தது அதைப் போலவே செய்து வைத்த போலித் தளம்.

என்னுடையது மட்டும் தப்பியது எப்படி என்று கேட்டேன். என் கணினி யாரிடம் வழி கேட்க வேண்டும் என்பதைத் தான் முன்பே அதில் கையால் எழுதி வைத்ததாகவும், மற்றவை தினமும் காலையில் வலைப்பின்னல் காட்டும் இடத்தில் கேட்பதாகவும் சொன்னார். "யாரோ நடுவுல உக்காந்து இதுங்களுக்குத் தப்பா கை காட்டுறாங்க" என்றார்.

அதன் பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், காத்திருப்பு அறையில் குடிநீர் இயந்திரத்தின் பின்னால், தப்பான எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்த உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். உடனே பிடுங்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டு நிறுத்தி, படம் எடுத்து, என் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டுதான் கழற்றினார். அதில் கைரேகை கிடைத்ததென்றால் அந்த நிதானத்தால்தான்.

மாலையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர், போலித் தளத்தில் முதலில் பாஸ்வேர்டு அடித்தது யார், அதை வைத்துத்தான் நோயாளிகளின் விவரம் திருடு போயிருக்கிறது என்று கேட்டார். ஒயரம்மாவுக்குப் பதில் தெரியும், வரவேற்புக் கணினியின் பதிவைப் பார்த்திருந்தார். "யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க சார்" என்று மட்டும் சொன்னார். ஒயர் எல்லாம் தெரிந்தவர், ஆளையும் மறைக்கிறார் என்று அவர் மீதே சந்தேகப்பட்டு, மறுநாள் முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கு வரவேற்புக் கணினியில் இரண்டு முறை பாஸ்வேர்டு அடித்தது நான். படியிறங்கும்போது அவர் என்னிடம், "பாஸ்வேர்ட மாத்திடுங்கக்கா" என்றார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. பாஸ்வேர்டு அடித்தவர் 'பணியாளர் ஒருவர்' என்று முதலில் நான் சொல்லியிருந்ததை மட்டும் 'நான்' என்று திருத்தச் சொல்லி, திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)